இதய ஆய்வில் போஸ்ட்டாக்: எந்த வழியில் சேர்வது?

பிஎச்.டி. முடித்துவிட்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "இதயச் செயலிழப்பை ஆராயும் ஒரு பெரிய லேபில் இடம் கிடைத்திருக்கிறது. இன்னொரு பல்கலைக்கழகத்தில் முறையான பயிற்சித் திட்டம் இருக்கிறது. சொந்தமாக ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். மருந்து நிறுவனங்களிலும் போஸ்ட்டாக் உண்டாமே. எதில் சேரட்டும்?"

பெரும்பாலோர் லேபின் பெயரையும் அங்கிருந்து வந்த பேப்பர்களையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது? அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ, அதற்குத்தான் உங்கள் நேரம் போகும். நான்கைந்து வருடம் கழித்து வெளியே போகும்போது எந்த ஆய்வுக் கேள்வியை உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. லேபின் பெயரைப் பார்த்துச் சேர்ந்த பலருக்கு இது மூன்றாவது வருடத்தில்தான் புரிகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் நேரம். இதயத் துறையில் இது தனிக் கதை. எலியின் இதயத்தைச் செயலிழக்க வைக்கும் வழக்கமான முறையைப் பாருங்கள். மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் மார்பைத் திறந்து, பெருந்தமனி வளைவின் மேல் 27 கேஜ் ஊசி ஒன்றைக் கிடத்தி, இரண்டையும் சேர்த்துப் பட்டுநூலால் முடிச்சுப் போட்டு, உடனே ஊசியை உருவிவிட வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த ஊசியின் தடிமன்தான் இனி ரத்தம் போகும் வழி. முடிச்சு தளர்ந்தால் இதயம் தடிக்காது. கூடுதலாக இறுகினால் எலி செத்துவிடும். இதற்குக் கை பழகவே மாதக்கணக்கில் ஆகும். பழகிய பிறகும் அறுவைக்கும் முடிவுக்கும் நடுவில் 4 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும், இடையிடையே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். தமனியில் கொழுப்புப் படிவதை ஆராய்பவர்கள் மரபணு மாற்றிய எலிக்குக் கொழுப்பு உணவு கொடுத்து 12 முதல் 16 வாரம் பொறுத்திருக்க வேண்டும். ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசைச் செல்லை வளர்க்கிறீர்களா? ஒரு மாதம் கழித்தும் அது கருவிலிருக்கும் குழந்தையின் செல்லைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஆக, இரண்டு வருடப் பணத்தில் முழுதாகச் செய்து முடிக்கக்கூடிய சுற்றுகள் மிகக் குறைவு. கணினியில் தரவை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, உரிமை. நீங்கள் தொடங்கிய வேலையில் எது உங்களுடன் வரும், எது லேபிலேயே தங்கும்?

மூன்றாவது, பயிற்சியின் அகலம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிறது. மனித இதயத்தின் மின்னோட்ட வடிவம் அதிலிருந்து வேறு. எலியை மட்டுமே அறிந்தவர் நோயாளியைப் பற்றிப் பேசும்போது தடுமாறுவார். மனிதத் திசு, பெரிய விலங்கு, மருத்துவமனைத் தரவு, புள்ளியியல் இவற்றில் ஒன்றிரண்டாவது கைக்கு எட்டுமா என்று பாருங்கள்.

நான்காவது, கடிகாரம். பல விருதுகளுக்கு பிஎச்.டி. முடிந்து இத்தனை வருடத்துக்குள், போஸ்ட்டாக் தொடங்கி இத்தனை வருடத்துக்குள் என்று கெடு இருக்கிறது. அது நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தே ஓடுகிறது.

அப்புறம் விசா, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, குடும்பம். இவற்றைச் சில்லறை விஷயங்கள் என்று ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் அவை ஏற்கெனவே சரியாக அமைந்தவர்கள்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | லேபின் திட்ட நிதி | நிறுவனப் பயிற்சித் திட்டம் | சொந்த ஃபெலோஷிப் | மருந்து நிறுவனம் |
|---|---|---|---|---|
| உங்கள் நேரம் யாருக்கு | திட்டத்துக்கு | பயிற்சிக்கும் ஆய்வுக்கும் | பெரிதும் உங்களுக்கு | நிறுவனத்தின் முன்னுரிமைக்கு |
| எடுத்துச் செல்லும் உரிமை | பேச்சைப் பொறுத்தது | நடுத்தரம் | அதிகம் | மிகக் குறைவு |
| தொடங்கும் வேகம் | உடனே | இடம் காலியாகும்போது | விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் | ஆள் எடுக்கும் பருவத்தில் |
| பயிற்சியின் அகலம் | லேபைப் பொறுத்தது | அதிகம் | நீங்களே அமைக்க வேண்டும் | மருந்து உருவாக்கத்தில் அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | அடுத்தவர் கேள்விக்கு உழைப்பது | தகுதி விதி, ஊழியர் சலுகை இழப்பு | ஆய்வுச் செலவுக்கு வேறு பணம் | திட்டம் திடீரென நிற்பது |

## லேபின் திட்ட நிதியில் சேர்வது

போஸ்ட்டாக் சேர்பவர்களுக்கு மிகவும் பழக்கமான வழி இது. ஆய்வகத் தலைவருக்கு ஒரு திட்டத்துக்கு நிதி கிடைத்திருக்கிறது, அதைச் செய்ய ஆள் வேண்டும், நீங்கள் போகிறீர்கள். சேர்ந்த மறுநாளே எலியும் கருவியும் தயார். பெரும்பாலான இடங்களில் நீங்கள் முறையான ஊழியர். காப்பீடும் சேமிப்பும் அதனுடன் வரும். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு விசாவும் இந்த வழியில்தான் அதிகச் சிக்கலில்லாமல் அமையும். தாவர உயிரியலிலோ இயற்பியலிலோ பிஎச்.டி. முடித்துவிட்டு இதயத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு, பழகிய கைகளுக்குப் பக்கத்தில் நின்று தொழிலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

விலை என்னவென்றால், கேள்வி உங்களுடையது இல்லை. நிதிக்கான விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும். அதில் எதிர்பாராமல் ஒரு நல்ல முடிவு கிடைத்தால், அடுத்த விண்ணப்பத்தின் முதுகெலும்பாக ஆய்வகத் தலைவர் அதையே வைப்பார். அது நியாயமும்கூட, அவருக்கும் லேபை ஓட்ட வேண்டும். ஆனால் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது "உங்கள் வேலை உங்கள் பாஸின் வேலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்கள்தான். ஒரே நோய்க்கு ஒரே எலியை வைத்து இரண்டு போஸ்ட்டாக்குகளை ஓட்டிவிட்டு, யார் முதலில் முடிக்கிறார்களோ பேப்பரில் அவருக்கே முதல் பெயர் என்று சொல்லும் லேப்களும் இருக்கின்றன. அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சேராதீர்கள். அங்கே நீங்கள் கற்பது போட்டியாக இருக்கும், விஞ்ஞானமாக இருக்காது.

பெரிய பெயரால் வரும் இன்னொரு ஆபத்தையும் இந்தத் துறை கண்ணால் கண்டிருக்கிறது. வளர்ந்த மனித இதயத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, அவை புதுத் தசையை உருவாக்கும் என்ற கருத்து பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. மற்ற லேப்களில் அதே முடிவு வரவில்லை. 2018ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் ஒரே லேபிலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னதாக வெளியானது. அப்படிப்பட்ட கட்டுரைகளில் பெயர் இருக்கும் இளைஞர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். எனவே லேப் கூட்டத்தில் ஒருமுறையாவது உட்காருங்கள். தலைவரின் கருத்துக்கு எதிரான முடிவை ஒரு மாணவர் காட்டினால் அறை எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். எவ்வளவு பெரிய இதழில் பேப்பர் வருகிறது என்பதைவிட இது அதிகம் சொல்லும்.

## நிறுவனத்தின் பயிற்சித் திட்டம்

இதில் பணம் லேபுக்கு வராமல் பல்கலைக்கழகத்துக்கோ துறைக்கோ வருகிறது. அமெரிக்காவில் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் தரும் டி32 என்ற பயிற்சி நிதியின் இடங்கள் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் சேர்வீர்கள். ஆய்வு நெறி, புள்ளியியல், மருத்துவச் சோதனை வடிவமைப்பு, நிதி விண்ணப்பம் எழுதுவது என்று வகுப்புகள் இருக்கும். ஒரு வழிகாட்டிக்குப் பதில் இரண்டு பேர், அவர்களுக்கு மேல் ஒரு குழு. லேபில் பிரச்சினை வந்தால் போய்ச் சொல்ல ஒரு கதவு இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

அகலமான பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு பிசிஎஸ்கே9 மரபணுவின் கதையைச் சொல்வேன். பரம்பரையாகக் கொழுப்பு மிகும் பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்த மரபணுவின் பங்கு 2003ல் தெரியவந்தது. டாலஸில் ஆய்வாளர்கள் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் எதிர்த்திசையில் போனார்கள்: கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) இயல்பாகவே குறைவாக இருப்பவர்களிடம் அதே மரபணு முடங்கிக் கிடக்கிறதா என்று தேடினார்கள். 2006ல் அவர்கள் குழு வெளியிட்ட கட்டுரையின்படி, மரபணுவை முடக்கும் மாற்றம் கொண்ட கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. 2015ல் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் அனுமதி பெற்றன. மரபணுவியல், மக்கள்தொகை ஆய்வு, செல் உயிரியல், மருந்துத் தொழில் எல்லாம் 12 வருடத்துக்குள் ஒன்றுக்கொன்று கை கொடுத்திருக்கின்றன. இந்த மொழிகளில் இரண்டாவது புரிகிறவராக உங்களை ஆக்குவதுதான் நல்ல பயிற்சித் திட்டத்தின் வேலை.

இனி தகுதி விதி. டி32 இடம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஜே1, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, விண்ணப்பம் எழுதி முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. தகுதி உள்ளவர்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் 12 மாத உதவித்தொகைக்கு ஈடாக அதே அளவு காலம் ஆய்விலோ கற்பித்தலிலோ இருந்தாக வேண்டும். இரண்டாம் வருடமும் அதே உதவித்தொகையில் தொடர்ந்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். ஒரு வருடத்தில் விட்டுவிட்டு ஆய்வுக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போனால் பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வரலாம். இன்னொன்று: இதில் நீங்கள் ஊழியர் இல்லை, பயிற்சியாளர். பல நிறுவனங்களில் ஓய்வூதியச் சேமிப்பில் நிறுவனத்தின் பங்கு அந்த வருடங்களில் நின்றுபோகும்.

திட்டத்தின் தரத்தை எப்படி அறிவது? கையேட்டை விடுங்கள். முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். நல்ல திட்டம் எதையும் மறைக்காமல் கொடுக்கும்.

## சொந்தமாக ஃபெலோஷிப்

மற்ற மூன்றில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: கேள்வியை எழுதியவர் நீங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் போஸ்ட்டாக் ஃபெலோஷிப், ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப், பிரிட்டிஷ் இதய அறக்கட்டளையின் விருதுகள் எல்லாம் இந்த வகை. அமெரிக்க இதயச் சங்கம் சில வகை விசாவில் இருப்பவர்களையும் ஏற்கிறது. டி32 கதவு அடைபட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஃபெலோஷிப் கிடைத்தால் லேபில் உங்கள் குரலுக்குத் தனி எடை வரும். கிடைக்காவிட்டாலும், மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதும் பழக்கம் வாழ்நாள் முழுக்க உதவும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில்தான் அதிகம்.

பல ஃபெலோஷிப்புகள் உங்கள் சம்பளத்தைத் தரும், எலிகளின் சம்பளத்தைத் தராது. விலங்கறையில் கூண்டுக்கு நாள்வாடகை, எக்கோ கருவிக்கு மணிக்கணக்கு, மரபணு வரிசைமுறை பார்க்கத் தனிச் செலவு. இதையெல்லாம் ஆய்வகத் தலைவர்தான் கொடுக்க வேண்டும். அவருடைய நிதி முடியும் தறுவாயில் இருந்தால் உங்கள் சுதந்திரம் காகிதத்தோடு நின்றுவிடும். சேர்வதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: உங்கள் நிதி எந்த வருடம் வரை?

அடுத்தது கடிகாரம். மேரி கியூரி ஐரோப்பிய ஃபெலோஷிப்புக்கு, விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் ஆய்வுக்குப் போகவிருக்கும் நாட்டில் நீங்கள் வசித்திருக்கக் கூடாது. "முதலில் லேப் நிதியில் சேர்ந்துவிடுகிறேன், அப்புறம் ஃபெலோஷிப் எழுதிக்கொள்கிறேன்" என்ற திட்டம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ ஒன்றரை வருடம் ஆன பிறகு அதே நாட்டுக்கு இந்த விருது கிடைக்காது. ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஊர் மாறுவதற்கு முன்பே எழுதுங்கள்.

அமெரிக்காவில் தனி லேப் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்ஐஎச்) தரும் கே99/ஆர்00 விருதைக் கணக்கில் வைக்க வேண்டும். போஸ்ட்டாக் அனுபவம் 4 வருடத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், குடியுரிமை நிபந்தனை கிடையாது. இரண்டு வருடம் வரை வழிகாட்டியின் கீழ், பிறகு மூன்று வருடம் வரை உங்கள் சொந்த லேபில். நேரத்தைப் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். அறுவை பழக ஒரு வருடம், முதல் முடிவுகளுக்கு ஒன்றரை வருடம், பேப்பர் எழுதி ஏற்கப்பட ஒரு வருடம். நான்கு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இதய ஆய்வாளருக்கு இந்தக் கெடு மற்ற துறையினரைவிட இறுக்கமானது. எனவே முதல் வருடத்திலேயே இரண்டு வேலைகளை இணையாக ஓட்டுங்கள்: மெதுவான எலி வேலை ஒன்று, ஏற்கெனவே உள்ள தரவை வைத்து வேகமாக முடிக்கக்கூடியது ஒன்று.

கணினி வழி ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப்தான் மிகப் பொருத்தம் என்பேன். 1948ல் 5,209 பேருடன் தொடங்கிய ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வின் தரவையும், சுமார் 5 லட்சம் பேர் சேர்ந்த பிரிட்டனின் பயோபேங்க் என்ற உடல்நலத் தகவல் வங்கியின் தரவையும் உரிய அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம். கூண்டு வாடகை இல்லை, 16 வாரக் காத்திருப்பும் இல்லை. ஒன்று மட்டும்: பக்கத்தில் ஒரு இதய மருத்துவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மருத்துவமனைப் பதிவில் ஒரு குறியீடு நிஜத்தில் எதைக் குறிக்கிறது என்று தெரியாமலேயே கணித மாதிரிகளைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

## மருந்து நிறுவனத்தில் போஸ்ட்டாக்

நோவார்ட்டிஸ், ஜெனென்டெக், ஆஸ்ட்ராசெனிகா போன்ற நிறுவனங்கள் போஸ்ட்டாக் திட்டங்களை நடத்தி வந்திருக்கின்றன. பேப்பர் வெளியிட விடுவார்கள், ஆனால் காப்புரிமைப் பிரிவு பார்த்து அனுமதித்த பிறகுதான். ஒரு மூலக்கூறு எப்படி மருந்தாகிறது, வேதியியலாளரும் நச்சியல் நிபுணரும் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் பத்து வருடம் இருந்தாலும் இவ்வளவு நெருக்கத்தில் பார்க்க முடியாது.

இதய மின்னோட்டம் படித்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புற்றுநோய்க்கோ ஒவ்வாமைக்கோ மருந்து தயாரிக்கும் நிறுவனத்துக்கும் நீங்கள் தேவை. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து இதயச் செல்லில் பொட்டாசியம் போகும் வாயிலை அடைத்து ஆபத்தான துடிப்புக் கோளாறு உண்டாக்கியதால்தான் சந்தையை விட்டுப் போனது. 2005ல் சர்வதேச வழிகாட்டு நெறிகள் வந்த பிறகு, புதிய மருந்து அந்த வாயிலையும் இசிஜியில் க்யூடி இடைவெளியையும் (நீண்டால் துடிப்புக் கோளாறு வரும் ஆபத்தைக் காட்டும் அளவு) என்ன செய்கிறது என்று சோதிப்பது வழக்கமான படியாகிவிட்டது. இந்த வேலைச் சந்தையைப் பற்றிப் பல்கலைக்கழக வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை.

விலை: நிறுவனத்தின் முன்னுரிமை மாறினால் உங்கள் திட்டம் ஒரே கூட்டத்தில் நின்றுவிடும், அதில் உங்கள் தவறு எதுவும் இருக்காது. தரவும் செல்களும் அங்கேயே தங்கும். பேராசிரியர் பதவிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இது நேர்ப்பாதை இல்லை. அந்த எண்ணம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

## மருத்துவர்களுக்கு

எம்.டி. முடித்துவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்: வாரத்தில் எத்தனை நாள் ஆய்வுக்கு என்று எழுத்தில் இருக்கிறது? அமெரிக்காவில் மருத்துவ விஞ்ஞானிகளுக்கான கே08, கே23 விருதுகள் 75 சதவீத நேரத்தை ஆய்வுக்கு ஒதுக்கச் சொல்கின்றன. அந்த அளவு பாதுகாப்பு இல்லாத இடத்தில், அவசர ஆஞ்சியோ வரும் ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் லேபையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். பயிற்சித் திட்டம்தான் இவர்களுக்கு ஏற்றது, அதுவும் பிஎச்.டி. வழிகாட்டி ஒருவரும் மருத்துவ வழிகாட்டி ஒருவரும் சேர்ந்து இருந்தால்.

## யாருக்கு எது

துறை மாறி வருகிறவரா, வெளிநாட்டு விசாவில் போகிறவரா? லேப் நிதியில் சேருங்கள், ஆனால் முதல் வருடத்துக்குள் சொந்த ஃபெலோஷிப்புக்கு எழுதுவதாக அன்றே பேசிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போவது என்று இன்னும் தெளிவில்லாதவர், தகுதி விதி இடம் கொடுத்தால் பயிற்சித் திட்டத்துக்குப் போகலாம். கேள்வி மனதில் உருவாகிவிட்டவர் ஃபெலோஷிப்புக்கு, ஆனால் பணம் உள்ள லேபில். இரண்டு வாய்ப்புகள் எல்லா விதத்திலும் சமமாக நின்றால், தலைவர் சென்ற வருடம் எத்தனை பேருடைய விண்ணப்பத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார் என்று அங்கிருக்கும் போஸ்ட்டாக்குகளிடம் கேளுங்கள். அவர்களிடம் தனியாக, தலைவர் இல்லாதபோது.

சரி என்று சொல்வதற்கு முன் தலைவரிடம் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

- என் சம்பளம் எந்த நிதியிலிருந்து, எதுவரை?
- நிதி மாறினால் காப்பீடும் சேமிப்பும் விசாவும் என்னவாகும்?
- அறுவையை எனக்கு யார் கற்றுத் தருவார், அவர் இன்னும் எவ்வளவு காலம் இங்கே இருப்பார்?
- கடைசியாக வெளியே போன போஸ்ட்டாக் எதைத் தன்னுடன் எடுத்துச் சென்றார்? எலி இனம், செல், தரவு?
- நான் போகும்போது எதை எடுத்துச் செல்லலாம்?

கடைசிக் கேள்விக்குப் பலர் வாய்வார்த்தையாக "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு, பேசியதைச் சுருக்கி அன்று மாலையே அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நான் புரிந்துகொண்டது சரியா என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.